ஐஸ் பேக்: குளிர் போதாமல் கெடுவதும், குளிர் கூடிக் கெடுவதும்

பென்னாகரம் வட்டாரத்தில் கிராம சுகாதார செவிலியராக இருந்த காலம் முழுவதும், புதன்கிழமை என்றாலே எனக்கு முதலில் நினைவுக்கு வருவது ஐஸ் பேக்தான். தமிழ்நாட்டில் புதன்கிழமைதான் தடுப்பூசி நாள். ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து தடுப்பூசிப் பெட்டி புறப்படுவதற்கு முன்னால், அதற்குள் வைக்க வேண்டிய நான்கு ஐஸ் பேக்குகளும் சரியான பதத்துக்கு வந்துவிட்டனவா என்று பார்த்தாக வேண்டும். பணி ஓய்வு பெற்றுத் தர்மபுரிக்குக் குடிவந்த பிறகும் அந்தப் பொருள் என்னை விட்டபாடில்லை. கால் பிசகியவர்கள், இன்சுலின் போட்டுக்கொள்ளும் முதியவர்கள், ஓசூரில் கம்பெனி வேலைக்குச் செல்லும் கைக்குழந்தைக்காரிகள், ஒகேனக்கல்லில் மீன் வாங்கிக்கொண்டு பெங்களூரு திரும்பும் உறவினர்கள் என ஒவ்வொருவரும் ஒவ்வொரு காரணத்துக்காக ஐஸ் பேக்கைப் பற்றிக் கேட்கிறார்கள். குளிர்ச்சி போதாமல் போய்விடுமோ என்பதே அவர்கள் எல்லோருடைய கவலையும். குளிர்ச்சி கூடிப்போனாலும் மருந்து கெடும், தோலும் கெடும் என்பதை அனேகமாக யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை. என் பணிக்காலத்தில் நான் அதிகம் கவனிக்க வேண்டியிருந்தது இந்த இரண்டாவது ஆபத்தைத்தான் என்பதால், அதை முன்வைத்தே இதை எழுதுகிறேன்.

மூடிய பைக்குள்ளோ பிளாஸ்டிக் டப்பாவுக்குள்ளோ உறைந்திருக்கும் தண்ணீர் அல்லது ஜெல், இதுவே ஐஸ் பேக். தன்னைத் தொட்டுக்கொண்டிருக்கும் பொருளிலிருந்து அது வெப்பத்தை வாங்கிக்கொண்டே மெல்ல உருகுகிறது. ஒரு கிலோ ஐஸ் உருகி, அதே 0 டிகிரியில் தண்ணீராக மாறுவதற்கு ஏறத்தாழ 334 கிலோஜூல் வெப்பம் தேவைப்படுகிறது. அவ்வளவு வெப்பத்தைக் கொண்டு ஒரு கிலோ தண்ணீரை 0 டிகிரியிலிருந்து 80 டிகிரி வரை சூடாக்கிவிடலாம். வெறும் குளிர்ந்த தண்ணீர் நிரப்பிய பாட்டிலைவிட உறைந்த பாட்டில் பல மணி நேரம் கூடுதலாகத் தாக்குப்பிடிப்பது இதனால்தான். உருகி முடியும்வரை அது 0 டிகிரியை விட்டு நகராது. ஆனால் ஃப்ரீசரிலிருந்து எடுத்த நொடியில் அது 0 டிகிரியில் இருப்பதில்லை என்பதை மறந்துவிடக் கூடாது. வீட்டு ஃப்ரீசர் சுமார் மைனஸ் 18 டிகிரியில் இயங்குகிறது. சுகாதார நிலையத்தின் டீப் ஃப்ரீசர் மைனஸ் 15 முதல் மைனஸ் 25 வரை இருக்கும். வெளியே எடுத்த ஐஸ் பேக்கும் அந்த அளவுக் கடுங்குளிரோடுதான் வருகிறது. பின்னால் நான் சொல்லப்போகும் எல்லாச் சிக்கல்களும் பெரும்பாலும் அந்த மைனஸ் 18க்கும் 0 டிகிரிக்கும் இடைப்பட்ட நேரத்தில் நடப்பவைதாம்.

தடுப்பூசிப் பெட்டிக்கான ஐஸ் பேக், தட்டையான பிளாஸ்டிக் டப்பா. அதன் மீது ஒரு கோடு இருக்கும். அந்தக் கோடு வரைதான் தண்ணீர் நிரப்ப வேண்டும். தண்ணீர் உறையும்போது சுமார் 9 சதவீதம் பருமன் கூடும் என்பதால், கழுத்துவரை நிரப்பினால் டப்பா புடைத்துக்கொள்ளும், இல்லையென்றால் விரிசல் விடும். புடைத்த டப்பா பெட்டியின் ஓரத்தில் சரியாக உட்காராது. விரிசல் விட்ட டப்பா ஒழுகி மருந்துக் குப்பிகளின் லேபிளை நனைத்து உரித்துவிடும். லேபிள் உரிந்த குப்பியை என்ன மருந்து என்று நம்பி யாருக்குப் போடுவது? நிரப்பி மூடியைத் திருகியதும் தலைகீழாகப் பிடித்து ஒழுகுகிறதா என்று பார்த்து, வெளிப்புற ஈரத்தைத் துடைத்துவிட்டு, டீப் ஃப்ரீசருக்குள் புத்தகங்களை அடுக்குவது போல நெட்டுக்குத்தாக, இடையில் காற்றோட இடம் விட்டு வைக்க வேண்டும். படுக்கவைத்து ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கினால் நடுவில் உள்ளவை உறைய வெகுநேரம் ஆகும்.

தண்ணீரில் உப்புப் போட்டால் குளிர் அதிகமாக நிற்கும் என்று புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் அவ்வப்போது சொல்வதுண்டு. குச்சி ஐஸ் செய்பவர்கள் ஐஸ் கட்டிக்கு உப்புத் தூவுவதைப் பார்த்த பழக்கம் அது. உப்புக் கலந்தால் தண்ணீரின் உறைநிலை 0 டிகிரிக்குக் கீழே இறங்கிவிடும்; போதிய அளவு உப்புச் சேர்ந்தால் மைனஸ் 21 வரையிலும் போகும். குச்சி ஐஸுக்கு அது தேவை. 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டிய தடுப்பூசிக்கு அது விஷத்துக்கு ஒப்பானது. ஆகவே தடுப்பூசிப் பெட்டியின் ஐஸ் பேக்கில் சாதாரணத் தண்ணீரைத் தவிர வேறெதுவும் சேர்க்கக் கூடாது என்பது விதி.

உறைந்த ஐஸ் பேக்கை எடுத்த கையோடு பெட்டிக்குள் வைக்கவும் கூடாது. மேசை மீது வரிசையாகப் பரப்பி வைத்துக் காத்திருக்க வேண்டும். முதலில் அதன் மேல் வெண்ணிறப் பனிப்பூச்சு படரும். அந்த நேரத்தில் விரலை வைத்தால் ஒட்டுவது தெரியும். பிறகு அந்தப் பூச்சு கரைந்து முத்து முத்தாக நீர்த்துளிகள் அரும்பும். அப்போது ஒரு டப்பாவை எடுத்துக் காதருகே ஆட்டிப் பார்த்தால், உள்ளே ஐஸ் கட்டி தண்ணீரில் மோதும் 'களக், களக்' என்ற சத்தம் கேட்க வேண்டும். உள்ளே தண்ணீரும் ஐஸும் சேர்ந்திருக்கும்வரை அது 0 டிகிரி என்பதற்கு அந்தச் சத்தம்தான் சான்று, தெர்மாமீட்டரே தேவையில்லை. நான்கையும் துடைத்துப் பெட்டியின் நான்கு பக்கங்களில் செருகி, நடுவில் பிளாஸ்டிக் உறைக்குள் மருந்துகளை வைத்து மூடினால், மூடியை அடிக்கடி திறக்காத வரையில் ஏறக்குறைய 12 மணி நேரம் உள்ளே தேவையான குளிர்ச்சி நிலைக்கும்.

ஐஸ் பேக்கை இப்படி வேர்க்கவிடும் வேலை வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு அலட்சியமாகத் தெரியும். ஏரியூர்ப் பக்கத்திலிருந்து வந்திருந்த ஒரு பாட்டி, பேரனை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் என்னைப் பார்த்துவிட்டு, "ஏம்மா நர்சம்மா, ஐஸ்ல வெக்கிற ஊசிதானே? அதப்போய் வெளிய வெச்சு இப்படித் தண்ணி வுட வுடறியே, மருந்து கெட்டுப்போவாதா?" என்று கேட்டார். அவருடைய கேள்வி நியாயமானது. போலியோ சொட்டு மருந்து வெப்பத்துக்குத்தான் பயப்படும், உறைந்தால் அதற்கு ஒன்றும் ஆகாது. மஞ்சள் காமாலைக்கான ஹெப்படைட்டிஸ் பி, ஐந்து நோய்களுக்குச் சேர்த்துப் போடும் பென்டாவேலன்ட், ரண ஜன்னிக்கும் தொண்டை அடைப்பானுக்குமான டிடி போன்றவையோ ஒருமுறை உறைந்துவிட்டால் வீரியத்தை இழந்துவிடுகின்றன. அவற்றில் மருந்தைத் தாங்கி நிற்கும் அலுமினிய உப்பின் நுண்துகள்கள் உறையும்போது ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிடுகின்றன. பிறகு உருகினாலும் பழைய நிலைக்குத் திரும்புவதில்லை. வெயிலில் கெட்டதைக் கண்டுபிடிக்கக் குப்பியின் மேல் நிறம் மாறும் அடையாளம் உண்டு. உறைந்து கெட்டதற்கு அப்படி எந்த அடையாளமும் கிடையாது. சந்தேகம் வந்தால், குலுக்கிப் பார்க்கும் சோதனை ஒன்றைச் செய்வோம்: வேண்டுமென்றே உறையவைத்து உருக்கிய ஒரு குப்பியையும், சந்தேகத்துக்குரிய குப்பியையும் ஒரே கையில் பிடித்துக் குலுக்கி மேசையில் வைத்தால், உறைந்து கெட்டதில் வண்டல் விரைவாக அடியில் இறங்கி, மேலே தெளிந்த நீர் நிற்கும், நல்ல மருந்து வெகுநேரம் பால் நிறமாகவே கலங்கி இருக்கும். பாட்டிக்கு இவ்வளவையும் விளக்காமல், "குளிர் அதிகமானாலும் மருந்து செத்துப்போயிடும் பாட்டி" என்று மட்டும் சொன்னேன், ஏற்றுக்கொண்டார்.

அங்கன்வாடியிலோ புளியமரத்தடியிலோ ஊசி போடத் தொடங்கியதும், பெட்டியிலிருந்து எடுத்த ஐஸ் பேக் ஒன்று மேசைக்கு வரும். அதன் முகப்பில் குப்பி உட்காரும் அளவுக்குக் குழிகள் உண்டு. கரைத்து வைத்த, காசநோய்க்கான பிசிஜி மருந்தையும் தட்டம்மை மருந்தையும் அந்தக் குழியில்தான் நிறுத்துவோம். கரைத்த 4 மணி நேரத்துக்குள் அவற்றைப் பயன்படுத்திவிட வேண்டும், மீந்ததை எடுத்துவைக்கக் கூடாது. ஊசி போட்ட இடத்தில் வீக்கமும் வலியும் இருக்கிறது என்று மறுநாள் தாய்மார்கள் கேட்டால், சாதாரணக் குளிர்ந்த நீரில் நனைத்துப் பிழிந்த துணியை வைக்கச் சொல்வோமே ஒழிய, பச்சைக் குழந்தையின் தொடையில் ஐஸ் பேக்கை வைக்கச் சொன்னதில்லை.

மின்வெட்டைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடலாம். 2012ஆம் ஆண்டில் சென்னைக்கு வெளியே நாள்தோறும் பல மணி நேரம் மின்சாரம் இல்லாமல் கிடந்ததை நம் மாவட்டத்துக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அந்தக் காலத்திலும் சுகாதார நிலையத் தடுப்பூசிகள் தப்பியதற்குக் காரணம், அவை இருந்த குளிர்பதனப் பெட்டியின் உட்சுவரைச் சுற்றிலும் ஐஸ் வளையம் இருந்ததுதான். ஒரு நாளில் 8 மணி நேரம் மின்சாரம் கிடைத்தாலே அதற்குப் போதும். இந்த உத்தியை வீட்டிலும் பின்பற்றலாம். ஃப்ரீசரில் காலியாகக் கிடக்கும் இடத்தை எல்லாம் முக்கால் பங்கு தண்ணீர் நிரப்பிய பாட்டில்களால் அடைத்து உறையவைத்துவிட்டால், கரண்ட் போன பிறகும் உள்ளே இருப்பவை வெகுநேரம் கெடாமல் இருக்கும். பாட்டில்களை உறையவைத்துவிட்டு, கதவைத் திறந்து திறந்து பார்த்துக்கொண்டிருந்தால் பயனில்லை.

வீட்டுப் பயன்பாடுகளில் தடுப்பூசிக்கு மிக அருகில் வருவது இன்சுலின். பிரிக்காத இன்சுலினை 2 முதல் 8 டிகிரிக்குள் வைத்திருக்க வேண்டும்; பயன்பாட்டில் இருக்கும் குப்பியை அல்லது பேனாவை 30 டிகிரிக்குக் குறைவான இடத்தில் சுமார் 4 வாரம் வரை வெளியிலேயே வைத்துக்கொள்ளலாம். சரியான கால அளவு ஒவ்வொரு மருந்துக்கும் சற்று வேறுபடும் என்பதால் அட்டையில் அச்சிட்டிருப்பதைப் பார்த்துக்கொள்வது நல்லது. எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் திருப்பதிக்குப் புறப்பட்டபோது, அவர் மனைவி மிகுந்த அக்கறையோடு தெர்மாகோல் பெட்டியின் அடியில் ஃப்ரீசரிலிருந்து எடுத்த ஜெல் பேக்கைப் போட்டு, அதன் மேலேயே இன்சுலின் பேனாக்களைப் படுக்கவைத்துக் கட்டிக்கொடுத்தார். திரும்பி வந்த பிறகும் சர்க்கரை இறங்கவில்லை. சாப்பாட்டில் கைவைத்திருப்பார் என்று அந்த அம்மாள் கணவரைக் குறை சொல்லிக்கொண்டிருந்தார். புதுப் பேனாவுக்கு மாறியதும் சர்க்கரை ஒழுங்குக்கு வந்தது. கலங்கலான இன்சுலின் உறைந்திருந்தால் உள்ளே துகள்களோ திரிகளோ தெரியக்கூடும். தெளிவான இன்சுலினோ பார்வைக்குப் பழையபடியே இருந்து ஏமாற்றிவிடும். உறைந்தது என்ற ஐயம் வந்தால் விலை பார்க்காமல் தூக்கிப்போட வேண்டியதுதான்.

பயணத்துக்கு இன்சுலின் கட்டும்போது, ஐஸ் பேக்கை வேர்க்கவிட்டு, ஒரு பருத்தித் துண்டில் இரண்டு சுற்றுச் சுற்றி, அதற்கும் மருந்துக்கும் இடையில் அட்டை ஒன்றைக் கட்டாயம் வைக்கச் சொல்கிறேன். குளிர்ந்த காற்று கீழ்நோக்கி இறங்கும் என்பதால் ஐஸ் பேக் மேலே, மருந்து கீழே என்று அடுக்குவது மேல். தர்மபுரியிலிருந்து பெங்களூருக்கோ சேலத்துக்கோ போய் அன்றே திரும்புவதற்கு இவ்வளவு தற்காப்பு தேவைப்படுவதில்லை. பயன்பாட்டில் உள்ள பேனாவை ஈரத்துணி சுற்றிய பையில், வெயில் படாமல் வைத்துக்கொண்டாலே போதும். கோடையில் கண்ணாடி மூடிய காருக்குள் விட்டுவிட்டுப் போவதுதான் தவறு. வீட்டில் ஃப்ரிட்ஜ் இல்லாதவர்கள், ஈர மணலில் புதைத்த மண்பானைக்குள் இன்சுலினை வைத்துக் காப்பது பழைய வழி. அந்த முறை பயன்பாட்டில் உள்ள இன்சுலினுக்கு உண்மையிலேயே உதவுகிறது.

இனி உடம்பின் மீது வைக்கும் ஐஸ் பேக்கைப் பார்ப்போம். நம் ஊர்களில் கால் பிசகினால், முதல் வேலையாகச் சுளுக்கு வழிப்பவரைத் தேடுவார்கள். வீட்டில் பாட்டி இருந்தால் புளியும் உப்பும் காய்ச்சிப் பற்றுப் போடுவார். புதிதாக அடிபட்ட கணுக்காலில் உள்ளுக்குள் இரத்தக் கசிவும் வீக்கமும் ஏறிக்கொண்டிருக்கும் நேரத்தில், அதை நீவுவதும் வெந்நீர் ஒத்தடம் கொடுப்பதும் வீக்கத்தைக் கூட்டவே செய்யும். முதல் இரண்டு மூன்று நாள்களுக்குக் குளிர் ஒத்தடம், பழைய இடுப்பு வலிக்கும் இறுகிப்போன கழுத்துக்கும் வெந்நீர் ஒத்தடம் என்று நினைவில் வைத்துக்கொள்ளலாம். ஐஸ் பேக்கை ஈரத் துணியில் சுற்றி, 15 முதல் 20 நிமிடம் வைத்து எடுத்துவிட்டு, தோல் பழைய நிலைக்குத் திரும்பிய பிறகு, இரண்டு மணி நேர இடைவெளியில் மறுபடியும் வைக்கலாம். கால் ஊன்றவே முடியவில்லை, எலும்பின் மேல் தொட்டாலே துடிக்கிறது என்றால் ஐஸ் வைத்துக்கொண்டு காத்திராமல் எக்ஸ்ரே எடுக்கப் போய்விட வேண்டும்.

ஐஸ் காயத்தை ஆற்றிவிடும் என்ற நம்பிக்கையும் மிகைதான். ஓய்வு, ஐஸ், இறுக்கிக் கட்டுதல், உயர்த்தி வைத்தல் என்ற நான்கையும் ஒரே வரியில் சேர்த்து 1978இல் புகழ்பெறச் செய்தவர் கேப் மிர்க்கின் என்ற அமெரிக்க மருத்துவர். பல ஆண்டுகள் கழித்து அவரே, ஐஸ் வலியைக் குறைக்கிறது, ஆனால் காயம் ஆறுவதைத் தாமதப்படுத்தக்கூடும் என்று தம் கருத்தைத் திருத்திக்கொண்டார். வீக்கம் என்பது உடம்பு தன்னைத் தானே பழுதுபார்க்கும் வேலையின் ஒரு பகுதி. அதை முழுவதும் நிறுத்திவைப்பதால் பயனில்லை. அதனால் முதல் இரண்டு மூன்று நாள்களில் வலி பொறுக்கும்படி ஆவதற்கு மட்டும் ஐஸ் போதும், வாரக்கணக்கில் தேவையில்லை என்பதே இப்போது என் நிலைப்பாடு.

கடைகளில் விற்கும் நீலநிற ஜெல் பேக்கில்தான் தோல் சேதமாகும் வாய்ப்பு அதிகம் என்பது என் கணிப்பு. அதில் தண்ணீரைக் கெட்டியாக்கும் பொருளோடு, உறையாமல் மெத்தென்று இருப்பதற்காகக் கிளைக்கால் வகைத் திரவமும் கலந்திருப்பதுண்டு. தண்ணீர் ஐஸ் 0 டிகிரிக்குக் கீழே கல்லாக இறுகி எச்சரிக்கை செய்துவிடும். இந்த ஜெல்லோ மைனஸ் 10 டிகிரியிலும் குழைவாக, கணுக்காலைச் சுற்றி வளைந்து கொடுக்கும். மெத்தென்று இருப்பதால் கடுங்குளிர் இல்லை என்று கை நம்பிவிடுகிறது. பக்கத்து வீட்டுக் கல்லூரி மாணவன் கபடி ஆடி முழங்கால் வீங்கி வந்தபோது, நண்பர்கள் ஜெல் பேக்கைத் துணியில்லாமல் வைத்து கிரேப் பேண்டேஜால் இறுக்கிக் கட்டிவிட்டார்கள். அவனும் அப்படியே தூங்கிவிட்டான். காலையில் அவிழ்த்தபோது, பேக்கின் விளிம்பு அச்சு எடுத்தாற்போல் ஒரு நீள்சதுரம் தோலில் வெளிறிக் கிடந்தது. மதியத்துக்குள் அது சிவந்து, ஓரமெல்லாம் நீர்க்கொப்புளம் கட்டிவிட்டது. முழங்கால் வீக்கம் வடிந்த பிறகும் அந்தக் குளிர்ப்புண் ஆறுவதற்கு அவன் மருந்து போட்டுக்கொண்டிருந்தான். ஐஸ் வைத்தபடி தூங்கக் கூடாது. ஐஸ் பேக்கை உடம்போடு இறுக்கிக் கட்டவும் கூடாது. முதலில் குளிர்ந்து, பிறகு எரிந்து, பிறகு மரத்துப்போகும். மரத்துப்போன நிலையில் எடுத்துவிட வேண்டும். வெளிறியோ விறைத்தோ தோல் தெரிந்தால் உடனே நிறுத்த வேண்டும்.

சர்க்கரை நோயால் பாதம் மரத்திருப்பவர்களுக்கும், காலில் இரத்த ஓட்டம் குறைந்தவர்களுக்கும், குளிர் பட்டால் விரல் நீலம் பாரிக்கும் உடம்புக்காரர்களுக்கும் ஐஸ் பேக் வேண்டவே வேண்டாம். வலிக்கிறது என்று எச்சரிக்கும் நரம்பு அவர்களுக்கு வேலை செய்யாது.

ஜெல் பேக் வாங்கித்தான் ஆக வேண்டும் என்பதும் இல்லை. சிறிய பிளாஸ்டிக் பையில் தண்ணீர் ஊற்றிக் கட்டி ஃப்ரீசரில் போட்டு உறையவைத்தால் கைக்கடக்கமான ஐஸ் பேக் தயார்; கைக்குட்டையில் சுற்றிக் கன்னத்தில் வைக்கப் பல் பிடுங்கியவர்களுக்கு இதைவிடப் பொருத்தமானது கிடையாது. மூட்டுக்கு வளைந்து கொடுக்க வேண்டுமென்றால், ஐஸ் துண்டுகளைப் பொடித்துச் சிறிது தண்ணீரோடு ஜிப் கவரில் போட்டுக் காற்றை வெளியேற்றி மூடலாம். தண்ணீர் கலந்த ஐஸ் எப்போதும் 0 டிகிரியிலேயே நிற்பதால், பார்வைக்கு எளியதாகத் தெரியும் இந்த முறைதான் பாதுகாப்பிலும் முதலிடம் பெறுகிறது. கேழ்வரகைத் துணிப்பையில் கட்டி உறையவைக்கலாமா என்று ஒருவர் கேட்டார். வைக்கலாம், ஆனால் உலர்ந்த தானியத்துக்கு உருகும் வேலை இல்லாததால் குளிர் சீக்கிரம் போய்விடும். பையைப் பிசைந்தால் உடனே குளிரும் வகையும் விளையாட்டுப் போட்டிகளில் வைத்திருக்கிறார்கள். உள்ளே அம்மோனியம் நைட்ரேட்டோ யூரியாவோ தண்ணீரில் கரையும்போது வெப்பத்தை உறிஞ்சுகிறது. ஃப்ரீசர் இல்லாத மைதானத்துக்கு அது வசதி. ஒருமுறைக்கு மேல் உதவாது.

ஐஸ் பேக்கை வைக்கவே கூடாத இடங்களும் உண்டு. தீக்காயத்தில் ஐஸ் வைக்கக் கூடாது. வெந்த தோலை அது மேலும் சேதப்படுத்தும். குழாயைத் திறந்துவிட்டுச் சாதாரணத் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுவதே சரி. பாம்பு கடித்த இடத்தில் ஐஸ் வைப்பதும், கயிறு கட்டுவதும், கீறிவிடுவதும் நம் மாவட்டத்தில் இன்னமும் நடக்கின்றன. ஐஸால் விஷம் நிற்காது; அந்த இடத்தின் சதைதான் கூடுதலாக அழுகும். கடிபட்டவரை நடக்கவிடாமல், கை காலை அசைக்காமல் 108 ஊர்தியில் விஷமுறிவு மருந்து உள்ள அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோவது ஒன்றுதான் வைத்தியம். குளவியோ தேனீயோ கொட்டியதற்கு ஐஸ் பேக் நல்லது. காய்ச்சல் அடிக்கும் குழந்தையின் உடம்பில் ஐஸ் வைத்தால் நடுக்கம் கண்டு உடற்சூடு இன்னும் ஏறும். வெதுவெதுப்பான நீரில் நனைத்த துணியால் துடைத்தால் போதும்.

ஆனால் சித்திரை, வைகாசி வெயிலில் செங்கல் சூளையிலோ கல் குவாரியிலோ வேலை செய்தவர் மயங்கி விழுந்து, உடம்பு கொதித்து, பேச்சுக் குழறினால் அது காய்ச்சல் அல்ல, வெப்ப வாதம் (ஹீட் ஸ்ட்ரோக்). அங்கே தயக்கம் கூடாது. 108க்குச் சொல்லிவிட்டு, நிழலுக்குத் தூக்கிச் சென்று, உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே, துணி சுற்றிய ஐஸ் பேக்குகளைக் கழுத்தின் இருபுறமும், அக்குள்களிலும், தொடை இடுக்குகளிலும் வைக்க வேண்டும். பெரிய இரத்தக் குழாய்கள் தோலுக்கு அருகில் ஓடும் இடங்கள் அவை. நினைவு தப்பியவரின் வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது.

கிருஷ்ணகிரியில் கிரானைட் பட்டறைகளும் ஓசூரில் இயந்திரப் பட்டறைகளும், எங்கும் மாட்டுத் தீவனம் நறுக்கும் இயந்திரங்களும் இருப்பதால், விரல் துண்டாகிப்போன செய்தி நமக்குப் புதிதல்ல. துண்டான விரலை ஐஸ் கட்டிக்குள் நேராகப் புதைத்து எடுத்துக்கொண்டு ஓடிவருவதை நானே பார்த்திருக்கிறேன். நேராக ஐஸ் பட்ட விரல் உறைந்து, ஒட்டவைக்க உதவாமல் போய்விடும். விரலை மெதுவாகக் கழுவி, சுத்தமான ஈரத்துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பைக்குள் போட்டுத் தண்ணீர் புகாமல் கட்டி, அந்தப் பையை ஐஸும் தண்ணீரும் கலந்த இன்னொரு பைக்குள் வைத்து, விபத்து நடந்த நேரத்தை மேலே எழுதிக் காயம்பட்டவரோடேயே அனுப்ப வேண்டும். வேலையிடத்தில் முதலுதவிப் பெட்டிக்குப் பக்கத்தில் இதை எழுதி ஒட்டிவைப்பதில் செலவொன்றும் இல்லை.

பிள்ளை பெற்று வேலைக்குத் திரும்பும் பெண்களுக்கு ஐஸ் பேக் இரண்டு வகையில் கைகொடுக்கிறது. பால் கட்டி மார்பு கல்லாகும்போது, பால் கொடுப்பதற்கு முன் சற்று வெதுவெதுப்பான ஒத்தடமும், கொடுத்து முடித்த பின் துணி சுற்றிய குளிர் ஒத்தடமும் வலியைத் தணிக்கும். ஓசூர்க் கம்பெனிப் பேருந்தில் போய்வருகிறவர்கள், அங்கே பீய்ச்சி எடுத்த பாலைச் சுத்தமான மூடிபோட்ட பாட்டிலில், உறைந்த ஐஸ் பேக்குகளோடு வெப்பம் புகாத பையில் வைத்தால், 24 மணி நேரம் வரை குழந்தைக்குக் கொடுக்கலாம். இங்கே இன்சுலினுக்குச் சொன்ன கெடுபிடி தேவையில்லை. பாட்டிலை ஒட்டி ஐஸ் பேக் இருக்கலாம். வீட்டுக்கு வந்ததும் பாட்டிலை வெந்நீர்க் கிண்ணத்தில் நிறுத்திச் சூடேற்ற வேண்டும், அடுப்பில் வைக்கக் கூடாது.

மீனுக்கு ஐஸ் மேலேயே கிடந்தாலும் கெடுதல் இல்லை. 0 டிகிரிதான் அதற்கு வேண்டியது. ஒகேனக்கல்லில் வாங்கும் மீனைச் சுத்தம் செய்து, ஒரு பங்கு மீனுக்கு ஒரு பங்கு பொடித்த ஐஸ் என்று அடுக்கடுக்காகப் போட்டு, உருகும் தண்ணீர் வடிய வழி வைத்தால் பெங்களூரு வரை வாடை இல்லாமல் போய்ச்சேரும். தண்ணீரில் ஊறிய மீன் சுவை கெட்டுவிடும் என்பதால்தான் வடிகால். காவேரிப்பட்டணம் பக்கத்துக் குண்டுமல்லியை அப்படி நேராக ஐஸில் போட முடியாது. மொட்டுக்கும் ஐஸ் பைக்கும் நடுவில் காகிதம் வைத்துத்தான் தெர்மாகோல் பெட்டி கட்டுகிறார்கள். பாலக்கோட்டுத் தக்காளியைச் செங்காயாக வாங்கி ஐஸ் பேக்கோடு அனுப்பினால், அது பிறகு ஒழுங்காகப் பழுக்காது, சுவையும் வராது. அதைச் சும்மா நிழலில் அனுப்புவதே நல்லது.

கூரியரில் மருந்தும் இறைச்சியும் வாங்கும் வழக்கம் வந்த பிறகு வீடுகளில் ஜெல் பேக்குகள் குவிகின்றன. ஓட்டை இல்லாதவற்றைக் கழுவித் துடைத்து, மருந்தோடு வந்ததை மருந்துக்கு, இறைச்சியோடு வந்ததை இறைச்சிக்கு என்று பேனாவால் எழுதி, தனிப் பையில் போட்டு ஃப்ரீசரில் வைத்துக்கொள்ளலாம். கிழிந்தவற்றின் ஜெல்லைக் கழிவுநீர்த் தொட்டியிலோ கக்கூஸிலோ கொட்டினால் அது தண்ணீரை உறிஞ்சி ஊதிக் குழாயை அடைத்துவிடும். செடிக்கும் ஊற்றக் கூடாது. சில பேக்குகளில் உயிருக்கு ஆபத்தான கிளைக்கால் கலந்திருக்கக்கூடும்; இனிப்பான அந்தத் திரவத்தை நாய் நக்கிவிடும், மாடு பையோடு தின்றுவிடும். தெருமுனைக் குப்பையில் எறியாமல், இன்னொரு உறையில் கட்டி, உலர் குப்பை என்று சொல்லித் தூய்மைப் பணியாளரிடம் கையிலேயே கொடுத்துவிடுவது எங்கள் தெருவில் இப்போது பழக்கமாகிவிட்டது.